தீனிப்பையில் இருந்த நூல்

தோள் எரிந்தது. கரும்புக் கட்டைச் சுமந்துகொண்டு லாரிப் பலகையில் அன்றைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினான் என்று சான்டோ எண்ணவில்லை. வலது தோளில் தோல் வழன்று, சட்டை அதோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அடிபம்புக்குப் போய்ச் சட்டையோடு நனைந்த பிறகுதான் அதை மெதுவாகக் கழற்ற முடியும்... அப்புறம் சோறு, கருவாடு, கட்டை மாதிரித் தூக்கம். அதற்கு மேல் அந்த மாலையிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

பம்புக்குப் போகும் குறுக்கு வழி ஒரு வீட்டின் பின்பக்கமாகப் போனது. மூங்கில் தட்டியருகே ஒரு பெண் நின்றாள். இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல ஒரு கோழியை இடுக்கியிருந்தாள்.

"நில்லுங்க," என்றாள்.

நின்றான்.

"இதைத் தொட்டுப் பாருங்க."

"நான் இன்னும் கை கழுவல."

"கோழியும் இன்னும் சாகல. தொடுங்க."

தொட்டான். கழுத்துக்குக் கீழே தீனிப்பை குரும்பை அளவுக்கு உப்பியிருந்தது. விரலால் அழுத்தினான். அமுங்கவில்லை.

"எப்போலேர்ந்து?"

"காலையில கூடு தொறந்தப்பவே இப்படித்தான்."

"காலையிலயேவா? தின்னதெல்லாம் ராத்திரியோட எறங்கியிருக்கணுமே."

"அது எனக்கும் தெரியும். நான் உங்ககிட்ட வைத்தியம் கேக்கல, நியாயம் கேக்கறேன்." தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த கூலிக் கொட்டகையைக் காட்டினாள். வாசலில் நீல நார்த் துண்டுகள் சிதறிக் கிடந்தன. "உங்க ஆளுங்க படுக்கையைக் கட்டுற பிளாஸ்டிக் நாரு. அறுத்து அறுத்து அங்கயே போடறீங்க. என் கோழி அதைத்தான் தின்னிருக்கு."

"கோழி சொல்லுச்சா?"

"வாய் வரைக்கும் உங்க நாரு அடைச்சிருக்கு. எப்படிச் சொல்லும்?"

கொட்டகை வாசலில் யாரோ சிரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அன்டிக்கே கரையிலிருந்து, கரும்பு வெட்டுக்கு மட்டும் நெக்ரோஸ் தீவுக்கு வந்து போகிற ஆட்கள் அவர்கள். அக்டோபரில் வருவார்கள், மே மாதம் போய்விடுவார்கள். தோட்டத்திலேயே பிறந்தவர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வெட்ட வந்தவங்க' என்பார்கள்.

சான்டோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நாள் முழுக்கச் சுமந்தவனை ஆட்கள் முன்னால் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறாள். ஆனால் அதற்குள் அவள் கண்களைப் பார்த்துவிட்டான்... நீர் முட்டிக்கொண்டு நின்றது. விழமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றது. கீழ் இமை மட்டும் லேசாகத் துடித்தது. அந்தக் கண்ணீர் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே நின்றதில், சொல்ல வேண்டிய பதில் அவனுக்கு மறந்துபோனது.

"பேர் என்ன, இண்டாய்?" என்றான், அங்கே இளம் பெண்களை அழைக்கிற முறையில்.

"கோழிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்."

"கோழிக்குப் பேர் கிடையாது. எனக்கு நெலிடா."

"தேங்காய் எண்ணெய் இருக்கா, நெலிடா?"

அவள் முகத்தில் கோபம் ஒரு கணம் தடுமாறியது. "எதுக்கு?"

"நியாயத்தை அப்புறம் பேசிக்கலாம். கோழி பொழைக்கட்டும்."

"அம்மா தலைகீழாப் பிடிச்சு உலுக்கச் சொன்னாங்க..."

"உலுக்கிடாத. உள்ள இருக்கிற தண்ணி மூச்சுக்குழல்ல போயிடும். எங்க சித்தப்பா ஒரு அருமையான சேவலை அப்படித்தான் உலுக்கிக் கொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு மாசம் அவரை யாராவது உலுக்கினாத்தான் பேசுவாரு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எண்ணெய் எடுக்க உள்ளே போனபோது, கதவைக் கடந்ததும், சிரித்தாள். அது அவனுக்குத் தெரியாது.

கோழி அவளுடையது இல்லை. கங்காணியின் மனைவி செரிங் அதை வாரத்துக்கு விட்டிருந்தாள். பொரிக்கிற குஞ்சில் பாதி செரிங்குக்கு, பாதி வளர்க்கிற நெலிடாவுக்கு. பிரிக்கும்போது முதலில் எடுக்கிற உரிமை கோழிக்கு உரியவளுக்கு. கோழிக்கு ஏதாவது ஆனால், யார் தவறால் ஆனதோ அவர் ஈடு கொடுக்க வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் அந்தத் தோட்டத்தில் அதை மீறியவர் யாரும் கிடையாது. அடைக்கு உட்கார வேண்டிய சமயத்தில் கோழிக்கு இப்படி ஆகியிருந்தது. நெலிடாவுக்கும் அவள் அம்மாவுக்கும் வேலையில்லாத மாதங்களில் கையில் இருப்பது அந்தக் குஞ்சுகள்தான்.

மூன்று நாள் விடியற்காலையில் வந்தான். வயலுக்கு ஆள் ஏறுகிற லாரி உறுமுவதற்கு முன்னால்.

தீனி நிறுத்தியாயிற்று. அவள் கோழியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். அவன் அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவான். பிறகு இரண்டு கட்டை விரலாலும் கீழிருந்து மேலாகத் தீனிப்பையைப் பிசைவான். வெட்டுக்கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. அந்த விரல்கள் இவ்வளவு மெதுவாகவும் நகருமா என்று நெலிடா பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு கக்கத்தில் அவனுடைய சேவலும் வரும். செம்பட்டை உடம்பு, வாலில் ஒரே ஒரு வெள்ளை இறகு. அதற்கு 'முதலாளி' என்று பெயர்.

"ஏன் முதலாளி?"

"நான் பசியோட இருந்தாலும் அவருக்கு நேரத்துக்குத் தீனி போட்டுடணும். அப்ப வேற என்னன்னு கூப்பிடறது? ஈஸ்டர் சண்டையில ஒரு தடவை ஜெயிச்சாப் போதும். எங்க ஊர்ல என் சொந்தக்காரன் படகுல எனக்கொரு பங்கு வந்துடும். அதோட இந்தக் கரும்புக்கு ஒரு கும்பிடு."

"திரும்பி வரமாட்டீங்களா?"

"எதுக்கு வரணும்?"

முதலாளி கோழியைச் சுற்றிச் சிறகைத் தாழ்த்தி நடந்தது.

"உங்க முதலாளி என் நோயாளியைத் தொந்தரவு பண்றாரு."

"நோயாளிதான் கண்ணடிக்குது. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க கோழியைப் பாக்கற மாதிரி தெரியல."

விரல்கள் ஒரு கணம் நின்றன. அப்புறம் மறுபடியும் பிசைந்தன. இரண்டு பேரும் கோழியையே பார்த்தார்கள்...

மூன்றாம் நாளும் தீனிப்பை இளகவில்லை. கோழி கண்ணை மூடி மூடித் திறந்தது.

"வெட்டித்தான் எடுக்கணும்," என்றான் சான்டோ. "சண்டையில கிழிஞ்ச சேவலை நிறையத் தைச்சிருக்கேன். தீனிப்பையைத் தைச்சதில்ல. பொழைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"செத்துட்டா?"

"அப்பவும் நான் இங்கதான் இருப்பேன். திட்டிக்கோ."

ஞாயிறு, பூசை முடிந்த பகலில் வெட்டினான். புது பிளேடு, கொதித்து ஆறின உப்புத் தண்ணீர், மலிவு ரம் கால் குப்பி. அந்த ரம்மில் ஒரு மிடறைக்கூட யாரையும் தொட விடவில்லை. கொட்டகை ஆட்கள் நாலைந்து பேர் அந்தப் பக்கம் நின்றார்கள். இந்தப் பக்கம் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரிகளும். நாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. மூன்று நாளாகத் தோட்டம் முழுக்க அதே பேச்சு.

"நூல் வேணும். கெட்டியானதா."

அவள் ஒரு குச்சியில் சுற்றியிருந்த நூலை வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தாள்.

இறகைப் பிடுங்கினான். முதலில் தோலை வெட்டினான், அப்புறம் உள்ளே பையை. ஒரு விரல் நுழைகிற அளவு. புளித்த வாடை குப்பென்று வந்தது. "நான் ஓரத்தைப் பிடிச்சுக்கறேன். நீ எடு. உன் விரல்தான் சின்னது."

எடுத்தாள். கரும்புத் தோகைக் கிழிசல், காய்ந்த புல், ஊறிப்போன நாலு அரிசி. அதற்குப் பின்னால் ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது... நீளமாக, சுருண்டு, புல்லோடு பின்னிக்கொண்டு, நிறமே தெரியாமல். உள்ளங்கைக்குள் வைத்து விரலால் வழித்தாள்.

வெள்ளை நூல்.

நீலத்தில் ஒரு துண்டுகூட இல்லை.

நெலிடாவுக்கு உடனே புரிந்துவிட்டது. உர மூட்டையின் வாயில் தைத்திருக்கிற நூல் அது. ஒரே இழுப்பில் உருவலாம். அவள்தான் உருவிக் குச்சியில் சுற்றி வைப்பாள். பின்வாசலில் உட்கார்ந்து, வயலுக்குப் போட்டுப் போகிற சட்டையின் கிழிந்த கையைத் தைப்பாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்புவாள். புழுவென்று நினைத்துக் கோழி ஓடிவரும். அதைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். எத்தனையோ தடவை.

"நீலமா?" என்று கேட்டான் சான்டோ. அவன் கண் காயத்தை விட்டு அகலவில்லை. இரண்டு கையும் ரத்தத்தில் இருந்தன.

தட்டிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். எல்லோர் முன்னாலும் அவனை நிறுத்தி நியாயம் கேட்டவள் அவள்.

உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

சான்டோ தலையை ஆட்டினான். "சரி... அப்ப எங்க தப்புதான்." கொட்டகைப் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

அவன் பையை முதலில் தைத்தான். அப்புறம் தோலைத் தனியாகத் தைத்தான். சின்னச் சின்னத் தையலாக. நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டி நூலு. எங்க கிடைச்சுது?" என்றான்.

"மூட்டை வாயில உருவினது."

"கெட்டிக்காரிதான் நீ."

அந்தச் சொல்லுக்கு ஒரு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் விடியலில் கூட்டைத் திறக்க வந்தவள் தட்டியருகே நின்றுவிட்டாள். கொட்டகை வாசலில் சான்டோ குனிந்து குனிந்து நீல நார்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். குனியும்போதெல்லாம் வலது தோளை இடது கை பிடித்துக்கொண்டது.

"என்ன சான்டோ, கோழியாகிட்டியா? கொத்துற?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆமா. நீ போடறதைத் தின்ன வேற யாரு இருக்கா?"

பொறுக்கியதையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோழிக்கு எண்ணெய் விட வந்த அதே வழியில் வந்தான். அன்றைக்கு மட்டுமில்லை. தினமும்.

கோழி பிழைத்தது. பத்து நாளைக்குக் கஞ்சித் தண்ணீரும் மசித்த பப்பாளியும்தான். இரண்டு வேளையும் அவன் வந்து தையலைப் பார்த்தான். தையல் காய்ந்தது. பிறகும் வந்தான். முருங்கைக் கீரை ஒரு கொத்து, ஒரு தடவை வாய்க்காலில் பிடித்த நாலு மீன், ஒரு தடவை ஒன்றுமே இல்லாமல், 'சும்மா... கோழி எப்படி இருக்குன்னு.'

"கோழி நல்லா இருக்கு," என்பாள்.

"நீ?"

"என்னை யாரும் வெட்டித் தைக்கலையே."

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். நாளைக்கு அவன் வருவான். வந்ததும் அந்த முகத்தைப் பார்த்ததும், நாளை மறுநாள் சொல்லலாம் என்று இருக்கும். வந்த வழியே அவன் திரும்பிப் போகிறபோது முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பழைய மத்தி மீன் டப்பாவில் அந்த நூல் கிடந்தது. அடுப்புக்குப் பின்னால்.

பிப்ரவரி கடைசியில் செரிங் வந்தாள். கோழியைத் தூக்கினாள், நெஞ்சைத் தடவினாள், கீழே விட்டாள்.

"இந்நேரம் பொரிச்சிருக்கணும். பன்னிரண்டு முட்டை வச்சா எனக்கு ஆறு குஞ்சு. எங்க என் ஆறு குஞ்சு?"

"நாங் செரிங்," என்றாள் நெலிடா, மூத்தவளை அழைக்கிற முறையில், "கோழிக்கு உடம்பு..."

"தெரியும். நாரு போட்டவன் யாருன்னும் தெரியும். ஊரே சொல்லுது." தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "தம்பி, இங்க வா."

சான்டோ வந்தான். கக்கத்தில் முதலாளி.

"ஆறு குஞ்சுக்கு என்ன தர்ற?"

"ஒரு நல்ல வெடைக் கோழி வாங்கித் தர்றேன், நாங்."

செரிங்கின் கண் அவன் கக்கத்திலேயே இருந்தது. "வெடை என்கிட்ட நிறைய இருக்கு. அதைக் குடு."

நெலிடா வாயைத் திறந்தாள். இப்போது சொன்னால்... பொய்க்காரி என்று செரிங் சொல்வாள், அம்மா சொல்வாள், ஊர் சொல்லும். அது போகட்டும். அவன் என்ன சொல்வான்? அவன் கண்களை அப்புறம் எப்படிப் பார்ப்பது?

சான்டோ அவள் பக்கம் திரும்பினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்காக அவள் வருத்தப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"எடுத்துக்கங்க, நாங்," என்றான். "தப்பு எங்களோடது."

சேவலைக் கை மாற்றும்போது அதன் தலையை ஒரு தடவை தடவினான். அவ்வளவுதான். செரிங் போன பிறகு, "முதலாளிக்கு என்னைப் பிடிக்கல போல. கங்காணி வீட்டுக்கே போயிட்டாரு," என்று சிரித்தான். சிரித்துவிட்டுப் பம்புப் பக்கம் போனான். நெடுநேரம் பம்படிக்கிற சத்தம் கேட்டது.

ஈஸ்டர் ஞாயிறு சண்டையில் கங்காணியின் பெயரில் முதலாளி ஜெயித்தது. கூச்சல் நெலிடாவின் வீடு வரை வந்தது. சாயங்காலம் சான்டோ தட்டியருகே வந்து நின்றான்.

"பாத்தியா, எவ்வளவு நல்லா வளர்த்திருக்கேன். ரெண்டே எகிறு. அவ்வளவுதான்."

அவன் முகம் மலர்ந்துதான் இருந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை.

மே மாதம். வெட்டு முடிந்தது. அன்டிக்கே ஆட்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போக லாரி வந்த அன்றைக்குத்தான் முதல் மழை இறங்கியது. பெரிய பெரிய துளிகள். அறுத்த வயலிலிருந்து சூடாக மண்வாசம் கிளம்பியது. படுக்கைகளை நீல நாரால் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

சான்டோ ஓடவில்லை. தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். மழை அவன் புருவத்தில் விழுந்து, இமையில் தொங்கி, கன்னத்தில் வழிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்... மூடிக்கொண்டான்.

நெலிடா காலையிலிருந்தே அந்த டப்பாவைப் பழைய துணி ஒன்றில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். இப்போது. இப்போதே.

"ஏதாவது சொல்லணுமா, இண்டாய்?"

டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நெலிடா?"

"நனையறீங்க," என்றாள். "பத்திரமாப் போங்க."

லாரி போனது. கடைசி வரை அவன் பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தான். மழையில் அவன் முகம் அழிந்தது. டப்பாவைச் சுற்றின துணி நனைந்து கனத்தது.

வேலையில்லாத மாதங்கள் தொடங்கின. ஜூனிலும் ஜூலையிலும் கஞ்சியில் அரிசியைத் தேட வேண்டியிருந்தது. அப்போதும் நெலிடா முட்டைகளை விற்கவில்லை. வெட்டித் தைத்த அந்தக் கோழி தினமும் கங்காணி வீட்டு முற்றத்துக்குப் போய், கட்டிப் போட்டிருந்த முதலாளியின் பக்கத்தில் மேய்ந்துவிட்டு வந்தது. துரத்தினாலும் போனது. அதற்கு இருந்த தைரியம்கூடத் தனக்கு இல்லையே என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கு வைத்தாள். ஒன்பது முட்டையில் ஏழு பொரித்தன. இரண்டைப் பருந்து கொண்டுபோனது. மிஞ்சிய ஐந்தில் ஒன்றே ஒன்று சேவல். இறகு முளைத்தபோது பார்த்தாள்... வாலில் ஒரு வெள்ளை.

அந்த ஒன்றுக்குத் தன் கஞ்சியில் பாதியைப் போட்டாள். அக்டோபரில் அவன் வந்தால் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். கையில் ஒன்று இருந்தால் சொல்வது சுலபம். அவன் வராவிட்டால்... அதை அவள் நினைக்கவில்லை.

செப்டம்பரில் செரிங் பங்கு பிரிக்க வந்தாள். முதல் கையே சேவலின் மேல் விழுந்தது.

"அது மட்டும் வேணாம், நாங். மீதி நாலையும் எடுத்துக்கங்க."

"ஏன், இதுல என்ன இருக்கு?"

"ஒருத்தருக்குக் கொடுக்கணும்."

"முதல் எடுப்பு என்னோடது. நேத்து வந்த வழக்கமா இது?" செரிங் சேவலையும் இரண்டு வெடைகளையும் கூடையில் போட்டாள். "பருந்து கொண்டுபோனதுக்கு உன்னைக் கேட்டேனா? கேக்கலையே."

முன்னாடியே மறைத்து வைத்திருக்கலாம். அம்மாகூட அதைத்தான் சொன்னாள். ஆனால் நெலிடாவால் இன்னொரு தடவை எதையும் மறைக்க முடியவில்லை.

அக்டோபரில் லாரிகள் வந்தன. ஐந்தாவது நாள் விடியற்காலையில் கூட்டைத் திறக்க வந்தாள். கொட்டகை வாசலில் ஒரு ஆள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். குனிந்தவன் நிமிர்கிறபோது வலது பக்கம் கோணிக்கொண்டு நிமிர்ந்தான்.

"வந்துட்டீங்களா..."

"வந்துட்டேன். உன்னைப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லணும்னு கப்பல்ல நெனச்சுக்கிட்டே வந்தேன்." அவன் சிரித்தான். கன்னம் ஒட்டியிருந்தது. "படகு கிடைக்கல. அதான் வந்தேன். கோழி எப்படி இருக்கு?"

"உள்ள வாங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

கவிழ்த்துப் போட்ட கூடையில் அவனை உட்கார வைத்தாள். அடுப்புக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். திறந்து பார்த்தான். காய்ந்து சுருண்ட வெள்ளை நூல், புல்லோடு.

"என்ன இது?"

"கோழித் தீனிப்பையில இருந்தது."

"வெள்ளையா இருக்கே."

"ஆமா."

"நீலம் எங்க?"

"நீலம் இல்ல. ஒரு துண்டுகூட இல்ல. நான் கடிச்சுத் துப்பின நூலு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவன் நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, சற்று முன் பொறுக்கின நீல நார்த் துண்டுகளை எடுத்து, டப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான். நாலைந்து துண்டுகள்தான். அவளுக்கு அவற்றைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"முதலாளியைக் குடுத்தப்ப நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"அவங்க என்னைக் கேட்டப்ப உன்னைத் திரும்பிப் பாத்தேன்."

"தெரியும். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

"ஏன், நெலிடா?"

சேர்த்து வைத்த சொற்கள் ஒன்றும் வரவில்லை. வந்ததைச் சொன்னாள். "முதல்ல வெக்கம். அத்தனை பேர் முன்னால உங்களைக் குத்தம் சொல்லிட்டேன். அப்புறம் நீங்க தினம் வர ஆரம்பிச்சீங்க. சொன்னா வரமாட்டீங்க. அப்புறம்... படகு கிடைச்சா நீங்க திரும்பி வரவே மாட்டீங்கன்னு சொன்னீங்க. சேவல் போனப்ப மனசுக்குள்ள ஒரு மூலையில சந்தோஷப்பட்டேன். அதுதான் எல்லாத்தையும் விட அசிங்கம். எனக்கு நீங்க வேணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு. அதுக்கு, இன்னும் கரும்பு சுமக்கிற உங்க தோளை விலையா வச்சுட்டேன்."

அவன் எழுந்து போனான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். பம்படிக்கிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கோழி வந்து டப்பாவை ஒரு கொத்துக் கொத்தியது. அதைத் தள்ளிவிட்டு மூடியைப் போட்டாள். இனி விடியலில் யாரும் வரப்போவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்...

நிழல் விழுந்தது. நிமிர்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவன் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல், முதுகைக் காட்டிக் கூடையில் உட்கார்ந்தான்.

"எண்ணெய் இருக்கா?"

இருந்தது. சட்டையை விலக்கினான். பழைய தழும்புமேல் தழும்பாக, தோள்பட்டை ஒரு பக்கம் கட்டி தட்டியிருந்தது. எண்ணெயை ஊற்றி இரண்டு கட்டை விரலாலும் கீழிருந்து மேலாகப் பிசைந்தாள்.

"நான் என்ன கோழியா?"

"எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். நீங்க சொல்லிக் குடுத்தது."

லாரி உறுமத் தொடங்கியது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"மே மாசம் மழையில வந்து நின்னேன், ஞாபகம் இருக்கா?" என்றான், முன்னால் பார்த்தபடியே. "பொண்ணு கேக்கத்தான் வந்தேன். உன் கோழியைக் கெடுத்தவன், ஒரு பருவத்தைக் கெடுத்தவன்... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

அவள் விரல்கள் நின்றுபோயின. அந்த மழை, அந்தப் புருவம், திறந்து மூடிய வாய்... ஒரு 'ம்' அதையும் விழுங்கியிருக்கிறது.

"இப்பக் கேளுங்க," என்றாள்.

"இப்பக் கோபமா இருக்கேன்."

"எப்பத் தீரும்?"

"தெரியல." எழுந்து சட்டையை இழுத்துவிட்டான். அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தான். முதல் நாள் பார்த்த அதே கண்கள். அன்றைக்கு விழாதது இன்றைக்கு விழுந்துகொண்டிருந்தது. "என் சேவலுக்கு ஈடா ஒரு சேவல் எனக்கு வேணும். வாங்கிக் குடுக்காத. இந்தக் கோழி பொரிச்சதா இருக்கணும். அதுவரைக்கும் காலையில வருவேன்... தையலைப் பாக்க."

"தையல் ஆறி பத்து மாசம் ஆச்சு."

"வருவேன்," என்றான். லாரிக்குப் போனான்.

கோழி மறுபடி அடைக்கு உட்கார நாளாகும். பொரிப்பதில் சேவல் இருக்க வேண்டும். இருந்தாலும் முதல் எடுப்பு செரிங்குக்கு. ஒன்றுக்கு இரண்டாகச் சேவல் இருந்தால்தான் ஒன்று நெலிடாவின் கையில் நிற்கும். கீழே கிடந்த நீல நார்த் துண்டுகளை அவளே பொறுக்கி அடுப்பில் போட்டாள். வெள்ளை நூலைப் போடவில்லை.

நெலிடா சான்டோவுக்குத் தர வேண்டியது ஒரு சேவல். இன்னும் தரவில்லை.